‘கேள்வி எழவில்லை’: நாடாளுமன்ற விடைத்தாளில் எண் வந்ததும் வராததும்

2020 செப்டம்பர் 14. பெருந்தொற்றுக்கு நடுவே நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள். உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமர்த்தப்பட்டிருந்தனர். இரு அவைகளும் வெவ்வேறு நேரங்களில் கூடின. கேள்வி நேரம் ரத்து செய்யப்பட்டிருந்தது. எழுத்துவழி விடை பெறும் கேள்விகளுக்கு மட்டும் இடமிருந்தது. அன்று தொழிலாளர் அமைச்சகத்தின் முன் மக்களவை உறுப்பினர்கள் வைத்த கேள்விகளில் ஒன்று, ஊரடங்குக் காலத்தில் சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றியது. எத்தனை பேர் இறந்தனர், அவர்தம் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா என்று அது கேட்டது. முதல் பகுதிக்கு, அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படுவதில்லை என்பது விடை. இழப்பீடு பற்றிய பகுதிக்கு, மேற்சொன்ன விடையின்படி அந்தக் கேள்வியே எழவில்லை என்பது விடை.

அதே கூட்டத்தொடரில் அதே அமைச்சகம், ஊர் திரும்பிய தொழிலாளர் எண்ணிக்கையை மாநில வாரியாக அட்டவணையிட்டுத் தந்தது. மொத்தம் 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல். திரும்பியவர்களை ஒற்றை இலக்கம் வரை எண்ண முடிந்த ஓர் அரசுக்கு, திரும்பாதவர்களை எண்ணும் கடமை இருப்பதாகத் தோன்றவில்லை. இந்த முரண் அப்போது நாளிதழ்களில் பெரிதாகவே பேசப்பட்டது. பேசப்படாமல் போனது, ‘கேள்வி எழவில்லை’ என்ற தொடருக்கும் அதைச் சாத்தியமாக்கும் விதிமுறைக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பது. அந்த வரலாற்றில் புள்ளிவிவரம் என்பது அரசு மனமுவந்து வெளியிடும் ஒன்றாக இருந்த காலம் குறைவு. கேட்கப்பட்டதால் தொகுக்கப்பட்ட எண்களும், கேட்கும் முறை தவறியதால் தொகுக்கப்படாமலே போன எண்களும் அதில் ஏராளம்.

கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியை முடியரசு எடுத்துக்கொண்ட 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, இந்தியாவின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்றது. கணக்கோடு இந்தியாவின் ஒழுக்க, பொருளியல் முன்னேற்றத்தையும் நிலையையும் விளக்கும் அறிக்கையொன்றும் சேர வேண்டும். ‘முன்னேற்றம்’ என்ற சொல் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். முன்னேற்றம் நிகழ்ந்ததா என்று ஆராய்வதற்கு முன்பே, அதைக் காட்டும் அறிக்கைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. 1840 முதலான ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் சென்று தொகுத்த புள்ளிவிவரச் சுருக்கம் 1867இல் வெளிவந்தது. 1871இல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநரானார். அதே 1871–72இல் முதல் குடிக்கணக்கும் ஒருவாறு நடந்தேறியது. மாவட்டத்திலிருந்து மாகாணத்துக்கும், மாகாணத்திலிருந்து கல்கத்தாவுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் எண்கள் கப்பலேறின. எண்ணப்பட்ட மக்களுக்கு அவற்றைப் பற்றிக் கேட்கும் வாய்ப்பு இல்லை. 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் அமைத்த சபைகளுக்குச் சட்டம் இயற்றுவது மட்டுமே வேலை. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அவற்றுக்குத் தரப்படவில்லை.

அந்த உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. 1893 பிப்ரவரி 16 அன்று, அவத் பகுதியின் பிங்கா ராஜா, கவர்னர் ஜெனரலின் சட்டசபையில் முதல் கேள்வியை எழுப்பினார். சுற்றுப்பயணம் செய்யும் அரசு அலுவலர்களின் முகாம்களுக்கு உணவுப்பொருள் திரட்டும் முறையால் கிராமக் கடைக்காரர்களும் வணிகர்களும் படும் இன்னல் பற்றியது அது. இந்தியச் சட்டமன்ற வரலாற்றின் முதல் கேள்வி ஒரு சமஸ்தான அரசியலைப் பற்றியோ எல்லைப் போரைப் பற்றியோ அமையாமல், தாசில்தாரின் கூடாரத்துக்கு யார் வீட்டு நெய் போகிறது என்ற பொருளில் அமைந்தது தற்செயல் ஆகலாம். ஆயினும் பொருத்தமான தற்செயல்.

அந்த உரிமையின் எல்லை மிகக் குறுகியது. முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும், விடை வரும், அத்தோடு முடிந்தது. விடையின்மேல் விவாதம் கூடாது. துணைக் கேள்வி கூடாது. 1909ஆம் ஆண்டு மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தின்போதுதான், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சபையில் மற்ற உறுப்பினர்களுக்கும் அந்த வாய்ப்பு விரிந்தது. அதிகாரம் எழுத்தில் தரும் விடையை, நின்றபடியே இன்னொரு கேள்வியால் மடக்கும் உரிமைக்கு இந்தியா கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. எழுத்துவழி விடை மட்டும் உயிரோடிருந்த 2020 செப்டம்பரின் அவை, இந்த ஒரு வகையில் 1893இன் அவையை ஒத்திருந்தது.

கேட்க அவை இல்லாத காலத்தில், அரசின் எண்ணை அரசின் எண்ணாலேயே கேள்வி கேட்டவர் தாதாபாய் நவ்ரோஜி. 1876இல் அவர் படித்த ‘இந்தியாவின் வறுமை’ என்ற கட்டுரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலா ஆண்டு வருமானத்தை 20 ரூபாய் என மதிப்பிட்டது. பாடநூல்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. அதைவிடச் சுவையானது அவர் எண்ணை அடைந்த வழி. மாகாண நிர்வாக அறிக்கைகள் ஏக்கர் விளைச்சலின் சராசரியைக் கணக்கிட்ட முறையில் ஒரு பள்ளிப் பிள்ளைப் பிழை இருந்ததை நவ்ரோஜி கண்டார். ஒவ்வொரு மாவட்டத்தின் சராசரியையும் கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். ஆயிரம் ஏக்கர் பயிரிடும் மாவட்டமும் லட்சம் ஏக்கர் பயிரிடும் மாவட்டமும் அக்கணக்கில் ஒரே எடை பெற்றன. நவ்ரோஜி ஒவ்வொன்றையும் பயிரிட்ட பரப்பால் பெருக்கிக் கணக்கைத் திரும்பப் போட்டார். பிறகு தம் 20 ரூபாய்க்கு அருகே இன்னோர் அரசு எண்ணை வைத்தார்: சிறைக் கைதிக்கு ஓராண்டு உணவும் உடையும் தர அரசு செலவிட்ட தொகை. அது 20 ரூபாயைத் தாண்டியது. வெளியே உழுதவனுக்குக் கிடைத்ததைவிட உள்ளே அடைபட்டவனுக்கு அதிகம் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல அவர் எந்தத் தனிப் புள்ளிவிவரத்தையும் திரட்ட வேண்டியிருக்கவில்லை. அரசின் இரண்டு அறிக்கைகளை ஒரே மேசையில் விரித்தால் போதுமாக இருந்தது.

1892இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் மக்களவைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அந்த மேசை பெரிதாயிற்று. இந்தியச் செலவினம் பற்றி ஆராய 1895இல் அமைந்த வெல்பி ஆணையத்தில் அவர் உறுப்பினர். அதன்முன் சாட்சியம் அளித்தவர்களில் கோகலேயும் சுரேந்திரநாத் பானர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயரும் உண்டு. தலா வருமானம் பற்றிய வழக்கு ஓயவில்லை. 1882இல் பேரிங், பார்பர் இருவரின் கணக்கு 27 ரூபாய் என்றது. 1901இல் கர்சன் 30 ரூபாய் என்றார். அதே ஆண்டில் வில்லியம் டிக்பி 20 ரூபாய்க்கும் குறைவென வாதிட்டார். கல்கத்தா சபையில் கோகலே வேறொரு வழியில் சென்றார். 1902 மார்ச்சில் ஆற்றிய முதல் வரவு செலவுத் திட்ட உரையில், அரசு பெருமையோடு காட்டிய உபரி மக்களின் செழிப்பிலிருந்து வந்ததன்று, ரூபாய் மதிப்பின் உயர்வும் குறையாத வரிச்சுமையும் சேர்ந்து விளைத்தது என்று அரசின் கணக்கேடுகளைக் கொண்டே காட்டினார்.

விடுதலைக்குப் பின் இந்தக் காட்சி மாறியிருக்க வேண்டும். பல வகையில் மாறவும் செய்தது. 1949இல் மஹலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது, டி. ஆர். காட்கிலும் வி. கே. ஆர். வி. ராவும் உறுப்பினர்கள். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. குடும்பம் குடும்பமாகச் சென்று என்ன வாங்கினாய், எவ்வளவு தின்றாய் என்று கேட்டறியும் அமைப்பை அக்காலத்தில் அத்தனை பெரிய அளவில் கொண்டிருந்த நாடுகள் மிகச் சில. அவை நடைமுறையிலும் ஒரு புதுமை வந்தது. அமைச்சர் அவையில் ‘தகவல் சேகரிக்கப்படுகிறது, கிடைத்ததும் அவைமேசையில் வைக்கப்படும்’ என்று சொன்னால் அது வெறும் பேச்சாகப் போய்விடாமல் பின்தொடர்வதற்கென்றே, மாவ்லங்கர் அவைத்தலைவராக இருந்தபோது 1953 டிசம்பரில் அரசு உறுதிமொழிகளுக்கான குழு மக்களவையில் உருவாயிற்று. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகக் கொள்ளத்தக்கது என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. மொழியியல் மாணவர்கள் செயலுரைக் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டுத் தேடி ஆஸ்டின் நூலைப் புரட்டுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. சொன்ன மாத்திரத்தில் கடப்பாடாகும் வாக்கியங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

ஆயினும் எண்ணின் அரசியல் அவையில் முழு வெளிச்சத்துக்கு வந்தது 1963இல். அவ்வாண்டு ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று ராம் மனோகர் லோகியா மக்களவைக்குள் நுழைந்தார். ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி, நேரு அரசின்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. வாக்கெடுப்பில் 62க்கு 347 என்று தோற்றது. தோற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த விவாதத்தில் நினைவில் நின்றது வாக்கு எண்ணிக்கை அன்று, லோகியா இந்தியில் சொன்ன மற்றோர் எண்: இந்நாட்டின் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள். அதற்கு எதிரே அவர் நிறுத்தியது பிரதமருக்காக நாளொன்றுக்கு ஆகும் செலவு 25,000 ரூபாய் என்ற தம் கணக்கை.

நேரு மறுத்தார். திட்டக்குழுவின் புள்ளிவிவரப்படி அது பதினைந்து அணா என்றார். செப்டம்பர் 6 அன்று இந்த ஒரு பொருளுக்கென்றே மக்களவையில் தனி விவாதம் நடந்தது. திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா மூன்றாவது எண் ஒன்றை முன்வைத்தார்: ஏழரை அணா. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே ஆண்டு. எண் மட்டும் மூன்று.

இந்த மூன்றையும் ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தால் விவகாரம் தெளிவாகும். நாளுக்குப் பதினைந்து அணா என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 342 ரூபாய். அது அன்றைய தலா தேசிய வருமானத்துக்கு நெருங்கிய எண். அதாவது டாட்டாவின் வருமானத்தையும் சாலையோரத்தில் கல் உடைத்தவளின் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தது. மூன்றணா என்றால் ஆண்டுக்கு 68 ரூபாய். லோகியா பேசியது நாட்டின் சராசரியை அன்று, அடித்தட்டு அறுபது விழுக்காட்டை. அவர் கேட்டது ஒரு கேள்வி, நேரு தந்தது வேறொரு கேள்விக்கான விடை. நந்தாவின் ஏழரை அணா ஆண்டுக்கு 171 ரூபாய் ஆகிறது. சராசரி மனிதனை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்த எண் அது. இறங்கி வந்தபின் அரசின் கணக்கே பாதியாகிவிட்டது. லோகியாவின் மூன்றணா மிகக் குறைவான மதிப்பீடு என்று கருத இடமுண்டு. அதை அவர் பிடிவாதமாகக் காத்தார் என்பதும் உண்மை. ஆனால் பதினைந்திலிருந்து ஏழரைக்கு அரசை இறக்கியது அவருடைய மூன்றுதான். மற்றொன்றையும் அருகே வைத்துப் பார்க்கலாம். 1962இல் திட்டக்குழு சார்ந்த வல்லுநர் குழு, 1960–61 விலைவாசியில் தலைக்கு மாதம் 20 ரூபாய் குறைந்தபட்சத் தேவை என்று கூறியிருந்தது. நாளுக்குப் பத்தரை அணாவுக்குச் சற்றே மேல். மறுப்பாக முன்வைக்கப்பட்ட ஏழரை அணா, அரசு சார்ந்த வல்லுநர்களே வகுத்த வறுமைக் கோட்டுக்குக் கீழே கிடந்தது.

இடையே ஒரு வேடிக்கை. பத்தடிமான நாணய முறை 1957 ஏப்ரல் 1 அன்றே வந்துவிட்டது. 1963இல் சட்டப்படி அணா என்ற நாணயமே இல்லை. ரூபாய்க்கு நூறு நயா பைசா. இருந்தும் பிரதமரும் அமைச்சரும் எதிர்க்கட்சியும் அணாவில்தான் பொருதினார்கள். ரூபாயில் பதினாறில் ஒன்று, தமிழ்க் கணக்கில் மாகாணி, கூலி வாங்குபவரின் மனத்தில் இன்னும் செலாவணியில் இருந்தது. தேசிய வருமானத்தைக் கோடிகளில் சொல்லும் அறிக்கை எவருக்கும் புரியாமல் போயிருக்கும், மூன்றணா புரிந்தது. வருமானப் பங்கீட்டையும் வாழ்க்கைத் தரத்தையும் ஆராய 1960இலேயே அமர்த்தப்பட்டிருந்த மஹலனோபிஸ் குழு தன் அறிக்கையின் முதற்பகுதியை 1964இல் தந்தது. தாண்டேகரும் ரத்தும் எழுதிய ‘இந்தியாவில் வறுமை’ 1971இல் வந்தது. இந்திய வறுமைக்கோட்டு ஆய்வு என்னும் பெருங்கட்டடத்தின் அடித்தளத்தில் அந்தச் செப்டம்பர் விவாதமும் ஒரு கல்.

லோகியாவின் வெற்றி விவாதத்தில் கிட்டியது என்பதை மறக்கக் கூடாது. கேள்வியின் வழியே அதே எண்ணைப் பெற முயன்றிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆம் விதி, கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட எப்படி இருக்கக் கூடாது என்பதை நீளமாகச் சொல்கிறது. வழக்கமாக 150 சொல்லைத் தாண்டலாகாது. வாதம், ஊகம், எள்ளல், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள தகவலைக் கேட்கக் கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் முதன்மையாக அடங்காத பொருளைக் கேட்கக் கூடாது. மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. குறியிட்டவற்றிலும் சிலவற்றுக்கு மட்டுமே வாய்மொழி விடையும் துணைக் கேள்வியும் கிட்டும். ஏனையவை தாளோடு நின்றுவிடும். புள்ளிவிவரம் கேட்பவை பெரும்பாலும் குறியிடாத 230இல் அடங்குகின்றன.

இந்த வடிகட்டிகளைத் தாண்டிவந்த கேள்விக்கு ஒரு நிலைத்த அச்சு உண்டு. ‘இன்னது உண்மையா? ஆமெனில் அதன் மாநில வாரியான விவரம் என்ன? இல்லையெனில் காரணம் என்ன? அரசு எடுத்த நடவடிக்கை என்ன?’ முதல் உட்பிரிவு ஆம்–இல்லை வகைக் கேள்வி. ஏனையவை அதன்மேல் தொங்குபவை. முதலாவதற்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால் கயிறு அறுகிறது. கீழே உள்ள எல்லாம் ஒருசேர விழுகின்றன. அலுவலக மொழியில் அந்த வீழ்ச்சிக்குப் பெயர்தான் ‘கேள்வி எழவில்லை’.

மொழி மெய்யியல் படித்தவர்களுக்கு இத்தொடர் வேறோர் இடத்தில் அறிமுகமானது. பிரான்சின் இன்றைய மன்னர் அறிவாளி என்று ஒருவர் சொன்னால், மன்னரே இல்லாதபோது அக்கூற்று மெய்யா பொய்யா என்ற வினாவே எழாது என்று பி. எஃப். ஸ்ட்ராசன் 1950இல் வாதிட்டார். ஒரு கூற்று மெய்யோ பொய்யோ ஆவதற்கு முன் அதன் முற்கோள் நிறைவேற வேண்டும். அரசின் விடைத்தாள் இந்தத் தருக்கத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. இழப்பீடு பற்றிய கேள்வியின் முற்கோள் ‘இறந்தவர்கள் உள்ளனர்’ என்பது. ‘இறந்தவர்கள் பற்றிய தரவு இல்லை’ என்பதை ‘இறந்தவர்கள் இல்லை’ என்பதன் இடத்தில் அமர்த்தினால் மட்டுமே இழப்பீட்டுக் கேள்வி எழாமல் போகும். 2020 செப்டம்பர் 14இன் விடை செய்தது அந்த இடமாற்றம். அறிவின் இன்மை பொருளின் இன்மையாக வாக்கியத்துக்குள்ளேயே மாறிவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘தகவல் சேகரிக்கப்படுகிறது’ என்று விடை இருந்திருந்தால், அது உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறியிருக்கும். மூன்று மாதக் கெடு தொடங்கியிருக்கும். கெடு தவறினால் குழு அமைச்சகத்தை அழைத்துக் காரணம் கேட்டிருக்கும். ‘பராமரிக்கப்படுவதில்லை’ என்ற வழக்கு எதிர்மறைக்கு அந்த வினைத்தொடர்ச்சி எதுவும் இல்லை. அது எதையும் வாக்களிக்கவில்லை. இரண்டுமே செயப்பாட்டு வினை. இரண்டிலும் செய்பவர் மறைந்திருக்கிறார். ஆனால் முன்னதில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பின்னதில் வேலை என்றைக்குமே நடந்ததில்லை, நடக்கப்போவதும் இல்லை. அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் மாவ்லங்கர் காலத்தில் பொருத்திய பூட்டு, இந்தக் கால வேறுபாட்டின் வழியே சத்தமின்றித் திறந்துகொள்கிறது.

சில சமயம் எண் இருந்தும் மறைவதுண்டு. சொல்லின் வரையறை அதை விழுங்கிவிடும். 2021 பிப்ரவரியில் சமூக நீதித் துறை இணையமைச்சர் மக்களவையில் தந்த விடையின்படி, 2020 டிசம்பர் 31 வரையிலான ஐந்தாண்டுகளில் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்தபோது இறந்தவர்கள் 340 பேர். அதே ஆண்டு ஜூலையில் அதே இணையமைச்சர் மாநிலங்களவையில் தந்த விடை, கையால் மலம் அள்ளுவதால் நிகழ்ந்த மரணம் எதுவும் பதிவாகவில்லை என்றது. இரண்டு விடைகளும் சட்டத்தின் எழுத்துப்படி சரியானவை. 2013ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்பதற்கு ஒரு வரையறையும், சாக்கடை, தொட்டிகளின் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ என்பதற்கு வேறொரு வரையறையும் தருகிறது. முன்னது சுகாதாரமற்ற உலர் கழிப்பிடங்களையும் அவற்றின் கழிவு சேரும் திறந்த வடிகால், குழிகளையும், ரயில் தண்டவாளத்தையும் சார்ந்தது. நச்சுவாயு தேங்கும் மூடிய சாக்கடை பின்னதில் சேர்ந்தது. மனிதர்கள் இறப்பது பின்னதில். கேட்டவர் முன்னதன் பெயரைச் சொன்னார்; விடை சுழியமாயிற்று. பேச்சு வழக்கில் ஒன்றாகவே இருக்கும் தொழிலைச் சட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் 340 பேர் இருந்தார்கள்.

கேள்வி சரியாக அமைந்தால் அதே அமைச்சகத்திடமிருந்து என்ன வெளிவரும் என்பதற்கும் அவ்வாண்டிலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் கையால் மலம் அள்ளுபவர்களின் சாதி வாரி விவரம் கேட்கப்பட்டது. அடையாளம் காணப்பட்ட 58,098 பேரில் 43,797 பேருக்குச் சாதி விவரம் இருந்தது. பட்டியல் சாதியினர் 42,594. பழங்குடியினர் 421. பிற பிற்படுத்தப்பட்டோர் 431. ஏனையோர் 351. நூற்றுக்கு 97 பேர் ஒரே பிரிவினர் என்ற இந்த அட்டவணையை வெளியிடும் எண்ணத்தோடு எவரும் தொகுத்திருக்க மாட்டார்கள். மறுவாழ்வு உதவிப் பதிவேட்டில் ஒரு பத்தியாக அது உறங்கிக்கொண்டிருந்தது. கேட்டார்கள், வந்தது. இந்தியச் சாதிச் சமூகவியலில் இனி எவரும் தவிர்க்க முடியாத நான்கு எண்கள் ஓர் எழுத்துவழி விடையிலிருந்து கிடைத்தவை.

சுகாதாரம் மாநிலப் பொருள் என்ற வரி இன்னொரு வாயில். 2021 ஜூலை 20 அன்று, இரண்டாம் அலையில் உயிர்வளிப் பற்றாக்குறையால் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டபோது, மரண விவரங்களை மாநிலங்களே அனுப்புகின்றன, அப்பற்றாக்குறையால் நேர்ந்ததெனக் குறிப்பாக எந்த மரணமும் மாநிலங்களாலும் ஒன்றியப் பகுதிகளாலும் தெரிவிக்கப்படவில்லை என்பது விடை. மாநிலங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தில் அப்படியொரு காரணம் குறிக்கப்பட்டிராதபோது, அது குறிப்பாகத் தெரிவிக்கப்படாததில் வியப்பில்லை. எதிர்க்கட்சிகள் ஆண்ட மாநிலங்களும் தாமாக முன்வந்து அந்த எண்ணைச் சொல்லவில்லை என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீண்டும் 2020 செப்டம்பர். தொழிலாளர் அமைச்சகம் தரவு இல்லை என்று சொல்லி நான்கு நாள்கள் கழித்து, 18ஆம் தேதி, மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சருக்கு ஒரு கேள்வி வந்தது. அது எல்லா வழிகளையும் கேட்கவில்லை. ஒரே ஒரு வழியைக் கேட்டது. புலம்பெயர் தொழிலாளர்களுக்காக மே 1 முதல் இயக்கப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் எத்தனை பேர் இறந்தனர்? அந்த ரயில்களில் சென்றவர்கள் 63 லட்சத்துக்கும் மேல். விடையில் எண் இருந்தது. செப்டம்பர் 9 வரை 97 பேர்.

ஓர் அமைச்சகத்திடம் இல்லாத எண் இன்னோர் அமைச்சகத்திடம் எப்படி வந்தது என்பதை விடைத்தாளே சொல்கிறது. தகவல் தந்தது மாநிலக் காவல்துறை. ரயிலில் ஓர் உடல் கிடந்தால், இயற்கைக்கு மாறான மரணம் என அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. இந்தப் பிரிவு பெருந்தொற்றுக்காக இயற்றப்பட்டதன்று. புலம்பெயர்ந்தவர்கள் மேல் கொண்ட அக்கறையால் வந்ததும் அன்று. உடல் கிடந்தால் எழுத வேண்டும் என்ற பழைய கடப்பாடு, அவ்வளவுதான். எழுதப்பட்டது, ஆகவே எண்ண முடிந்தது. மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கியபோது சரக்கு ரயில் ஏறி இறந்த 16 பேரும் ரயிலில் பயணம் செய்தவர்கள் அல்லர். அவர்கள் இந்த 97இல் சேர மாட்டார்கள். நெடுஞ்சாலைகளில் லாரி மோதியும் வெயிலில் சுருண்டும் இறந்தவர்கள் பற்றிய குறிப்பு நூற்றுக்கணக்கான காவல்நிலையப் பதிவேடுகளில் தனித்தனியே இருக்கும். அவற்றைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த அமைச்சகத்துக்கும் தரப்பட்டிருக்கவில்லை.

97 பேரில் 87 பேரின் உடல்களைக் காவல்துறை உடற்கூறாய்வுக்கு அனுப்பியது. கேள்விக்கு விடை எழுதப்பட்ட நாளில் வந்து சேர்ந்திருந்த அறிக்கைகள் 51. மாரடைப்பு, இதய நோய், மூளை ரத்தக்கசிவு, ஏற்கெனவே இருந்த நுரையீரல் நோய், கல்லீரல் நோய் என்று அவற்றில் காரணம் எழுதப்பட்டிருந்தது. எஞ்சிய 36 அறிக்கைகள் அப்போது வந்திருக்கவில்லை.